முத்திரைகளைக் கழற்ற ஒரு தவணைச் சித்திரப் பாடம்: மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சமாதானம் என்று தலைப்புக் கொடுத்து ஒரு சித்திரப் போட்டி வைத்துப் பாருங்கள். வருகிற படங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். மேலே ஒரு புறா. கீழே மூன்று பேர் கைகோத்து நிற்பார்கள். ஒருவருக்கு வேட்டியும் திருநீறும், ஒருவருக்குத் தொப்பியும் தாடியும், மற்றவருக்கு வெள்ளைச் சாரமும் நீள்கைச் சட்டையும். பிள்ளைகள் நல்ல மனத்தோடுதான் வரைகிறார்கள். ஆனாலும் அந்தப் படத்தில் இருப்பது மூன்று உடுப்புகள் மட்டுமே. அந்த வேட்டிக்காரர் என்ன தொழில் செய்கிறார், அந்தத் தொப்பிக்காரர் எந்த ஊர், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று வரைந்த பிள்ளைக்கே தெரியாது. ஒற்றுமையைக் காட்டப் போன படம் ஆளாளுக்கு ஒரு முத்திரையைக் குத்திவிட்டு வந்து நிற்கிறது.

முத்திரைகள் பொதுச் சொற்களில்தான் வாழ்கின்றன. “அந்த ஊர் ஆக்கள்”, “அவங்கட பழக்கம்”, “பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அது சரிவராது” என்பவை எல்லாம் அந்த வகை. ஒரு குறிப்பிட்ட ஆள், அவர் கையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பொருள், அவர் வாயால் சொன்ன ஒரு வசனம் என்று இறங்கி வந்தால் பொதுச் சொல்லுக்கு அங்கே வேலை குறைந்துவிடும். சித்திரமும் நாடகமும் பிள்ளையை அப்படி இறங்கி வரச் செய்யக்கூடியவை. ஒன்றை வரைய வேண்டுமென்றால் அதை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும்.

இது தரம் 6 முதல் 9 வரை கற்பிக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதியது. சித்திரம், நாடகமும் அரங்கியலும், குடியியற் கல்வி, தமிழ் ஆகிய எந்தப் பாடத்துக்குள்ளும் நுழைக்கலாம். ஒரு தவணைக்குள் எட்டு முதல் பத்துப் பாடவேளைகள் போதும். சில வேலைகளுக்கு ஒரு பாடவேளை காணாது, ஆகவே நேரசூசியில் இரட்டைப் பாடவேளை கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

முதல் வேலை ஆசிரியருடையது, தனியாக இருந்து செய்வது. ஒரு தாளில் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் வரும் ஊர்களை எழுதுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் பக்கத்தில் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லை எழுதுங்கள். கெட்டிக்காரர், முரடர், பிந்தி வருபவர், காசுக்காரர், எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பின்வாங்கில் யார் இருக்கிறார்கள், கேள்வி கேட்கும்போது உங்கள் கண் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அந்தத் தாளோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் முன்முடிவைப் பிள்ளைகள் ஆசிரியருக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருப்பார்கள்.

அடுத்து அதிபரிடம் அனுமதி, பெற்றோருக்கு ஒரு கடிதம். கடிதத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். பிள்ளைகள் ஊரில் ஒருவரைச் சந்தித்து அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டு வரைவார்கள், மதத்தைப் பற்றியோ யுத்தத்தைப் பற்றியோ கேட்கச் சொல்ல மாட்டோம் என்று இரண்டு வரியில் எழுதினால் அநேகமான பயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

உருவம் வரைவது பற்றி ஒரு சொல். உயிருள்ளவற்றின் உருவத்தை, முக்கியமாக முகத்தை, வரைவதைச் சில முஸ்லிம் குடும்பங்கள் விரும்புவதில்லை. வேறு சில குடும்பங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வகுப்பின் நடுவில் ஒரு பிள்ளையை எழுப்பி, “நீர் முகம் வரையலாமா?” என்று கேட்காதீர்கள். முத்திரையைக் கழற்ற வந்த பாடம் அந்தப் பிள்ளைக்கு ஒரு முத்திரையைக் குத்திவிடும். அதற்குப் பதிலாக, முகமே தேவைப்படாதபடி பாடத்தை அமைத்துவிடுங்கள். கீழே உள்ள வேலைகள் பெரும்பாலும் கை, பொருள், இடம், கோலம் என்றுதான் போகின்றன. எல்லோரும் ஒரே வேலையைச் செய்யும்போது யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள்.

பொருட்களுக்குப் பெரிய செலவு வராது. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம், பென்சில், பஸ்டல் போதும். வர்ணம் வாங்க முடியாத பாடசாலையில் சிரட்டைக் கரி, செங்கல் தூள், மஞ்சள் ஆகியவற்றைக் கொண்டு நன்றாகவே வரையலாம். மஞ்சள் கரைசலில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாக மாறும், அந்த ஒரு வித்தைக்கே பிள்ளைகள் முன்வாங்குக்கு வந்துவிடுவார்கள். சுண்ணாம்பை மட்டும் ஆசிரியரே கையாள வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து.

முதலாம் படி: ஒன்றும் சொல்லாமல் வரைய விடுங்கள்

முதல் பாடவேளையில் நோக்கத்தைச் சொல்ல வேண்டாம். தாளை நான்காக மடித்து, நான்கு கட்டத்திலும் ஒவ்வொன்றாக வரையச் சொல்லுங்கள்: ஒரு டாக்டர் வேலை செய்யும் இடம், ஒரு விவசாயியின் நாள், பக்கத்து ஊரின் கடைத்தெரு, நான் போகாத ஒரு பாடசாலை. பெயரும் திகதியும் பின்னால் எழுதி வாங்கி வையுங்கள். சரி பிழை சொல்லாதீர்கள், சுவரில் ஒட்டாதீர்கள்.

இந்த உத்திக்கு ஒரு முன்னோடி உண்டு. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லி, முடிவை 1983இல் வெளியிட்டார். 4,807 பிள்ளைகளில் 28 பேர்தான் பெண் விஞ்ஞானியை வரைந்திருந்தார்கள். அந்த 28 பேரும் சிறுமிகள். யாரும் அந்தப் பிள்ளைகளுக்கு “விஞ்ஞானி என்றால் ஆண்” என்று பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். பார்த்த படங்களிலிருந்தும் கேட்ட கதைகளிலிருந்தும் தானாகச் சேர்ந்த எண்ணம் அது. நம் வகுப்பிலும் அப்படித்தான் சேர்ந்திருக்கும். வேடர் என்றதும் வில்லையும் கோடரியையும் வரைகிற பிள்ளைக்கு, வாகரைப் பக்கம் கரையோர வேடர் வழிவந்தவர்கள் வலை வீசி மீன் பிடித்து வாழ்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வாங்கிய தாள்கள் தவணை முடிவில் மறுபடி தேவைப்படும். பத்திரம்.

இரண்டாம் படி: எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள்?

கைகள் மட்டும் தெரியும் நான்கைந்து புகைப்படங்களைத் தேடி எடுங்கள், அல்லது நீங்களே அனுமதி கேட்டுப் பிடியுங்கள். வலை பொத்தும் கை, தறியில் நாடாவைத் தள்ளும் கை, மீன் வெட்டும் கை, பன்பாய் பின்னும் கை, ஊசி போடும் கை. போனில் எடுத்த படத்தில் கையைத் தவிர மற்றதை வெட்டிவிட்டால் போதும். ஒவ்வொன்றாகக் காட்டி, இது யாருடைய கை என்று கேளுங்கள்.

ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, படித்தவரா இல்லையா என்று பதில்கள் மளமளவென்று வரும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்?” குரலில் கண்டிப்பு இருக்கக் கூடாது, உண்மையான ஆவல் இருக்க வேண்டும். “நகத்தில் மருதோன்றி இருக்கு” என்று ஒரு பிள்ளை காரணம் காட்டும். நல்லது, அது படத்தில் இருக்கிறது. “மீன் வெட்டுறது அவங்கதானே” என்று இன்னொரு பிள்ளை சொல்லும். அது படத்தில் இல்லை. படத்தில் இருப்பது எது, நாம் கொண்டுவந்தது எது என்று கரும்பலகையில் இரண்டு நிரலாக எழுதிக்கொண்டு போனால், இரண்டாவது நிரல் நீளமாவதைப் பிள்ளைகளே கவனிப்பார்கள். பிறகுதான் முழுப் படத்தையும் காட்ட வேண்டும்.

இந்தக் கேள்வி முறையை வளர்த்தவர்கள், நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும். அவர்களுடைய முறையில் மூன்றே கேள்விகள்தான்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது. மூன்றையும் கரும்பலகையின் மூலையில் தவணை முழுக்க எழுதி வைத்திருங்கள். கணித பாடத்துக்கு வரும் ஆசிரியரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: முதலில் நம்மேல் ஒட்டியிருப்பதைக் கழற்றுவோம்

இங்கேதான் பல பயிற்சிகள் தடம் மாறுகின்றன. “மற்றச் சமூகத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதைச் சொல்லுங்கள்” என்று கேட்டு, கரும்பலகை நிறைய வசைகளை எழுதி, பிறகு “இவை எல்லாம் பிழை” என்று அழிப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். அதுவரை கேள்விப்படாத பிள்ளையும் அன்றைக்குக் கேள்விப்பட்டுவிடும். அந்தச் சமூகத்துப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், அது அந்த நேரம் எங்கே பார்க்கும் என்று யோசியுங்கள்.

நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற கதை இலங்கைத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். வேறு மாவட்டத்தில் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் தப்பியிருக்க மாட்டார்கள். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். சிரிக்க விடுங்கள். பிறகு, “உங்கள் அக்கா வெளியூருக்குப் படிக்கப் போன முதல் நாள் இதை ஒருவர் சொன்னால் அக்காவுக்கு எப்படி இருக்கும்?” என்று கேளுங்கள். முகங்கள் மாறுவதைக் காண்பீர்கள்.

இப்போது வேலை. தாளின் இடப்பக்கம், வெளியூர்க்காரர் மனத்தில் இருக்கும் “மட்டக்களப்பு”. வலப்பக்கம், நேற்றுப் பின்னேரம் உங்கள் வீட்டு வளவில் இருந்தவை. இடப்பக்கத்தில் மந்திரமும் பாயும், வாவியில் பாடுவதாகச் சொல்லும் பாடுமீனும் வரும். வலப்பக்கத்தில் காற்றுப் போன சைக்கிள், தயிர் முட்டி, தம்பியின் ஒற்றைச் செருப்பு, கொடியில் காயும் பாடசாலைச் சட்டை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பக்கத்தை வரைய உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், நீளமாக விளக்க வேண்டாம்.

அடுத்த பாடவேளையில் இன்னும் கிட்ட வரலாம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஒரே மொழி, ஒரே கோயில்கள், கலியாணச் சம்பந்தங்கள் எல்லாம் உண்டு. என்றாலும் படுவான்கரை என்றால் பின்தங்கியது என்ற எண்ணம் நகரப் பிள்ளைகளிடம் ஊறிப்போய் இருக்கிறது. அம்பாறைக் கரையோரப் பாடசாலை என்றால், உங்கள் வகுப்பில் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் நமட்டுச் சிரிப்பு வருகிறதோ அந்த ஊரை எடுங்கள். சாதியைத் தொடும் சிரிப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். பறை அடிப்பவரைப் பற்றிப் பேசுவதைவிடப் பறையைக் கொண்டுவந்து தொட்டுப் பார்க்கவும், அதன் தோலையும் வாரையும் வரையவும், தாளக்கட்டைக் கேட்கவும் வைப்பது நல்லது. முடிந்தால் அடிக்கத் தெரிந்த கலைஞரையே அழைத்து, சங்கீத ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே கதிரையில் அமர வையுங்கள்.

நம்மேல் ஒட்டியது எப்படி வலிக்கிறது என்று தெரிந்த பிறகு, நாம் ஒட்டியதைப் பற்றிப் பேசுவது பிள்ளைகளுக்கு லேசாகிவிடுகிறது. வரிசையை மாற்ற வேண்டாம்.

நான்காம் படி: ஒருவர், ஒரு பொருள், மூன்று வசனம்

என் பார்வையில் முழுத் திட்டத்தின் உயிர் இதுதான். நேரம் குறைந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டாரல்லாத ஒருவரைச் சந்திக்க வேண்டும். தன்னிலிருந்து ஏதோ ஒரு விதத்தில் வேறுபட்டவராக இருக்க வேண்டும்: வேறு தொழில், வேறு மதம், வேறு மொழி, மிக முதிய வயது, கண் தெரியாதவர், வெளியிலிருந்து வந்து குடியேறியவர். பாடசாலைக் காவலாளி, சிற்றுண்டிச்சாலை அம்மா, வீதியோரத்தில் சோளம் அவித்து விற்பவர், பஸ் கண்டக்டர் என்று பாடசாலையைச் சுற்றியே ஆள்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். இருவர் இருவராக, தெரிந்த இடத்தில், பெரியவர் ஒருவரின் பார்வையில் இருக்க வேண்டும்.

கேள்விகளை வகுப்பிலேயே தயாரியுங்கள். முதல் கேள்வி எப்போதும், “உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடலாம்?” மாமி என்பார்கள், ஆச்சி என்பார்கள், ராத்தா என்பார்கள், காக்கா என்பார்கள். முறை சொல்லிக் கூப்பிட்ட பிறகு கதைக்கிற கதையே வேறு. பிறகு, தினமும் கையில் எடுக்கும் பொருள் எது, அதை யாரிடம் பழகினீர்கள், அதில் கஷ்டமானது எது, அதைச் செய்யாத நாளில் என்ன செய்வீர்கள். “உங்கள் சமூகத்தில்” என்று தொடங்கும் கேள்வி எதையும் அனுமதிக்காதீர்கள். ஒருவரைச் சந்திக்கப் போன பிள்ளை அவருடைய சமூகத்துக்கே பேச்சாளராக அவரை மாற்றிவிடக் கூடாது.

பிறகு, அந்தப் பொருளைப் பிள்ளை இருந்து வரைய வேண்டும். ஆளை வரையத் தேவையில்லை. பன்பாய் பின்னுபவர் என்றால் குளத்தில் வெட்டிய பன் புல்லின் கட்டு, வெயிலில் காயும் விதம், சாயம் ஏறிய இழையும் ஏறாத இழையும், பாய் ஓரத்தை மடித்து முடிக்கும் இடம். மருதமுனைத் தறிக்காரர் என்றால் நாடா தேய்ந்திருக்கும் பக்கம். தேய்மானத்தை வரையச் சொல்லுங்கள். கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம், உடைந்து கம்பியால் கட்டிய இடம், ஒட்டுப் போட்ட இடம். ஒரு மனிதரின் வருடங்கள் பொருளில் பதிவாவது அந்த இடங்களில்தான். அதை வரைகிற பத்து நிமிடத்தில் பிள்ளை அவரோடு இருக்கிறது.

படத்தின் கீழே அவர் சொன்ன மூன்று வசனங்கள், அவர் சொன்ன பேச்சிலேயே. “பாவம்” என்ற சொல்லுக்கு இந்த வேலையில் இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒத்துணர்வு என்ற பெயரில் இரக்கம் நுழைவது எளிது. இரங்குகிறவர் மேலேயும் இரங்கப்படுகிறவர் கீழேயும் நிற்கிற நிலை வந்துவிட்டால் பழைய முத்திரைக்குப் பதில் புதிய முத்திரை, அவ்வளவுதான். கால் ஊனமுற்ற ஒருவரைச் சந்தித்த பிள்ளை அவருடைய ஊன்றுகோலைத்தான் வரைய வேண்டும் என்றில்லை. அவர் வானொலி திருத்துகிறவர் என்றால் அவருடைய ஈயப்பற்று இரும்பை வரையட்டும்.

கடைசியாக, முடித்த படத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிழை இருந்தால் அவர் திருத்துவார். வைக்க வேண்டாம் என்றால் காட்சிக்கு வைக்கக் கூடாது. இந்தத் திரும்பிப் போதலைத் தவிர்க்காதீர்கள். இரண்டாம் முறை போகும்போதுதான் அநேகம் பேர் பிள்ளைக்குத் தேத்தண்ணி தருவார்கள், சொல்லாத கதையும் வரும்.

ஐந்தாம் படி: கூத்திலிருந்து ஒரு வரவு

நம் கூத்தில் எந்தப் பாத்திரமும் சும்மா களரிக்குள் நுழைவதில்லை. அரசனோ சேவகனோ, தருமனோ துரியோதனனோ, ஒவ்வொருவருக்கும் ஒரு வரவு உண்டு. தனக்குரிய தாளத்தில் ஆடிவந்து, நான் இன்னார் என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் கதை நகரும். கெட்டவன் என்று ஊருக்கே தெரிந்தவனுக்கும் அந்த உரிமை மறுக்கப்படுவதில்லை. துரியோதனனாக ஆடியவரிடம் கேட்டுப் பாருங்கள், அவன் பக்க நியாயத்தை மணிக்கணக்கில் சொல்வார்.

இதை வகுப்புக்கு எடுத்து வாருங்கள். நான்காம் படியில் சந்தித்தவருக்காக ஒரு வரவு கட்ட வேண்டும். நாலு வரிப் பாட்டு, ஒரு தாளம், அவர் வேலையில் உள்ள ஓர் அசைவு. மேசையில் தட்டினாலே தாளம் வந்துவிடும். பாட்டும் ஆட்டமும் வேண்டாம் என்கிற பிள்ளை வசனமாகச் சொல்லலாம், அல்லது தாளம் மட்டும் பிடிக்கலாம். ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் இருந்தால் ஒரு நாள் அழைத்துக்கொள்ளுங்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் கட்புலக் கலையும் படித்தவர்கள் இரு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள், அவர்களையும் தேடலாம்.

வேடம் பற்றி உறுதியான ஒரு விதி: தொப்பி, பொட்டு, அபாயா, தாடி எதுவும் வேண்டாம். பேச்சை நையாண்டி செய்யும் உச்சரிப்பும் வேண்டாம். பிள்ளை நடிப்பது ஒரு மனிதரை, ஒரு சமூகத்தை அல்ல. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கலைஞர்களும் கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கியபோது, பழைய பிரதிகளில் பெண்ணையும் சாதியையும் பற்றி இருந்த பார்வையைக் கேள்விக்கு எடுத்தார்கள். கூத்தை விட்டுவிடாமலே கூத்துக்குள் இருந்த முத்திரையைக் கழற்ற முடியும் என்பதற்கு அது நம் மண்ணிலேயே உள்ள உதாரணம்.

வரவுகள் முடிந்த பின் ஒரு சின்னச் சம்பவம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுப் போகும் பஸ். பக்கத்து இருக்கை காலி. ஏறுகிறவர் ஒருவரைப் பார்த்ததும் இருப்பவர் பையை எடுத்து அந்த இருக்கையில் வைக்கிறார். அந்த இடத்தில் சிலை போல் நிறுத்துங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து யாராவது ஒருவரின் இடத்தை எடுத்து, வேறு விதமாக நடத்திக் காட்ட வேண்டும். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் வளர்த்த முறை இது. “நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும்” என்ற முடிவுக்கு அவசரப்படாதீர்கள். பையை வைத்தவருக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்பதையும் ஒருவர் நடிக்கட்டும்.

வலி வெளியே வந்தால்

நம் இரண்டு மாவட்டங்களிலும் இதற்குத் தயாராக இல்லாமல் வகுப்புக்குள் போகக் கூடாது. யுத்தம், 2004 டிசம்பர் 26இன் சுனாமி, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் ஆகியவை எத்தனையோ வீடுகளில் இன்னும் பேசி முடியவில்லை. இன்றைய பிள்ளைகள் அவற்றில் பலவற்றைப் பார்க்கவில்லை என்றாலும் பெற்றோரின் மௌனத்தோடு வளர்கிறார்கள். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற கணக்கும் அந்த மௌனத்தில் இருக்கும்.

நீங்களாக அந்தத் தலைப்பைக் கொடுக்காதீர்கள். “நீங்கள் இழந்ததை வரையுங்கள்” என்பது ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டியது, ஒரு பாடவேளைக்குள் அல்ல. ஆனால் ஒரு பிள்ளை தானாக வரைந்தால் தாளைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து, “இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா?” என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் சரி, அதோடு விடுங்கள். அந்தப் படம் சுவருக்குப் போகாது, மற்ற ஆசிரியர்கள் கைக்கும் போகாது. தொடர்ந்து அப்படியே வரைந்தால், அல்லது வீட்டில் இப்போது நடக்கும் துன்பம் ஒன்று தெரிந்தால், பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

போர் நடந்த காலத்திலேயே மட்டக்களப்பில் இதற்கு ஒரு வழி காட்டப்பட்டது. 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள். கையும் விளையாட்டும் முதலில் வந்தன, பேச்சு அதன் பாட்டில் பின்னால் வந்தது. அந்த வரிசையை நானும் நம்புகிறேன்.

ஆறாம் படி: இரண்டு பாடசாலைகள், ஒரு நீளத் துணி

கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடைதோறும் சொல்வோம். காரைதீவைத் தாண்டினால் நிந்தவூர், ஆரையம்பதியை ஒட்டி காத்தான்குடி என்று ஊர்கள் அப்படித்தான் அடுக்கியும் இருக்கின்றன. ஆனால் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்கள மொழிப் பாடசாலை என்று பிரிந்திருப்பதால், ஒரு மதில் தள்ளிப் படிக்கும் பிள்ளையின் பெயர் தெரியாமலே சாதாரண தரம் வரை வந்துவிடலாம்.

சந்திப்புக்கு முன் தாள்கள் சந்திக்கட்டும். உங்கள் பிள்ளைகள் பாதி வரைந்த படத்தை மற்றப் பாடசாலைக்கு அனுப்புங்கள். அவர்கள் மீதியை வரைந்து, தாங்கள் தொடங்கிய பாதிப் படங்களோடு திருப்பி அனுப்புவார்கள். இப்படி இரண்டு முறை போய் வந்தால், சந்திக்கும் நாளில் “என்ட மரத்தில குரங்கை வரைஞ்சது நீங்களா?” என்று பேச்சு தானாகத் தொடங்கும்.

சந்திப்பு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போட் 1954இலேயே நான்கு நிபந்தனைகள் சொன்னார்: இரு தரப்புக்கும் சமமான இடம், பொதுவான ஓர் இலக்கு, போட்டியில்லாத கூட்டு வேலை, பொறுப்பில் உள்ளவர்களின் ஆதரவு. நம் “நல்லிணக்க” நிகழ்ச்சிகள் பலவற்றில் ஒரு பாடசாலை மேடையில் ஆடும், மற்றது கீழே இருந்து கைதட்டும். அதில் முதல் மூன்று நிபந்தனைகளும் இல்லை.

நான் பரிந்துரைப்பது எட்டு, பத்து யார் (கெஜம்) நீளமான வெள்ளைத் துணி. இரண்டு பாடசாலைகளையும் இணைக்கும் வீதியையோ வாவிக்கரையையோ அதில் வரைய வேண்டும். ஒரு பாடசாலைக்கு ஒருவர் வீதம் இருவர் சேர்ந்த சோடிகள், சோடிக்கு ஒரு முழம் துணி, இருவருக்கும் ஒரே ஒரு தூரிகை. தூரிகையை வேண்டுமென்றே குறைத்துக் கொடுப்பது கதைக்க வைப்பதற்காக. தன் ஊர்ப் பக்கத்தை வரைகிற பிள்ளைக்கு மற்றப் பிள்ளை கேள்வி கேட்டுத்தான் தொடர முடியும். பொதுவானவை தாமாக வெளிவரும்: இரண்டு பக்கமும் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருகிறார், இரண்டு பக்கமும் தாய்வழிக் குடி இருக்கிறது, தமிழரின் வசந்தன் ஆட்டத்தில் அடிக்கும் கோலும் முஸ்லிம்களின் பொல்லடி ஆட்டத்தில் அடிக்கும் கம்பும் தாளத்தில் சொந்தக்காரர். வேறுபாடுகளும் வெளிவரும். அவற்றை மழுப்ப வேண்டாம்.

உகனை அல்லது அம்பாறை நகரப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளோடு என்றால், துணியில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் இரு மொழியிலும் பெயர் எழுத வையுங்கள். இரண்டாம் மொழிப் பாடத்தில் ஏறாத சொற்கள் அன்றைக்கு ஏறும்.

ஒழுங்குகளில் கவனிக்க வேண்டியவை சில. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறைக் கலண்டர் வேறு, நோன்புக் காலமும் உண்டு. திகதியை இரண்டு கலண்டரையும் வைத்துத்தான் குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம். லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு நேரமும் இடமும் ஒதுக்குங்கள். உணவுக்குப் பழமும் மரக்கறியும் என்றால் யாரும் தயங்க மாட்டார்கள். முதல் சந்திப்பு ஒரு பாடசாலையில் என்றால் இரண்டாவது மற்றதில். பஸ் செலவுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஏழாம் படி: காட்சியும் புள்ளியும்

காட்சிக்கு வையுங்கள், ஆனால் முதலாம், இரண்டாம் இடம் வேண்டாம். பொன்னாடையும் நீண்ட உரைகளும் இல்லாமல், படத்தில் உள்ள பொருளுக்குரியவர்களை அழைத்து, அவர்கள் பக்கத்தில் பிள்ளை நின்று விளக்கட்டும்.

புள்ளி போட வேண்டியிருந்தால் அவதானிப்புக்குப் போடுங்கள்: எத்தனை நுணுக்கங்கள் நேரில் பார்த்து வந்தவை, வசனங்கள் அவர் சொன்னபடியே இருக்கின்றனவா, திரும்பிப் போய்க் காட்டினார்களா. “எல்லோரும் ஒரு தாய் மக்கள்” என்று எழுதியதற்குப் புள்ளி கொடுத்தால், அடுத்த முறை எல்லோரும் அதையே எழுதுவார்கள்.

கடைசிப் பாடவேளையில் முதலாம் படியின் நான்கு கட்டப் படத்தை மறுபடி வரையச் சொல்லி, பழைய தாளையும் திருப்பிக் கொடுங்கள். எது மாறியது, ஏன் என்று பின்பக்கம் பிள்ளையே எழுதட்டும். எல்லாத் தாள்களும் மாறியிருக்காது. மாறாத பிள்ளையை எழுப்பிக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த தவணையில் இன்னொருவரைச் சந்திக்கச் சந்தர்ப்பம் கொடுங்கள், இந்த முறை ஆளை நீங்கள் தெரிந்து கொடுங்கள். படங்களை போனில் பிடித்து வைத்துக்கொண்டு மூலத்தைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிட்டு, கேள்விப் பட்டியலையும் சந்தித்தவர்களின் சம்மதக் குறிப்பையும் ஒரு கோப்பில் போட்டு, அடுத்த வருடம் அந்த வகுப்பை எடுக்கும் ஆசிரியர் கையில் கொடுங்கள்.